கரவொலியில் வாழ்பவர்: மாரியஸ் பெட்டிப்பா

ஒரு கலைப்படைப்பைக் காலங்கடந்து வாழவைப்பவர் யார்? அதனைப் படைத்தவரா, பின்வந்து திருத்தியமைத்தவரா, அன்றி அரங்கில் அமர்ந்து கண்டு களித்துக் கைதட்டியவரா? கவிதைக்கும் கதைக்கும் இந்த வினா அத்துணைக் கடுமையாக எழுவதில்லை. எழுதியவர் மறைந்தாலும் ஏடு எஞ்சுகிறது. ஆடற்கலையோ ஆடி முடித்த கணத்திலேயே மறைந்துவிடுவது. அதற்கு ஏடு இல்லை. ஆடியவரின் உடலும் கண்டவரின் உள்ளமுமே அதற்கு ஏடு.

இந்த வினாவைத் தம் வாழ்வில் நேருக்கு நேர் சந்தித்து, அதன் இனிமையையும் கசப்பையும் ஒருங்கே பருகிய ஒரு பெருங்கலைஞரை நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும். அவர்தாம் மாரியஸ் பெட்டிப்பா. பிரான்சில் பிறந்து ரஷ்யாவில் வாழ்ந்து, ஸ்பெயினை மேடையேற்றி, உலகெங்கும் கரவொலி பெற்றவர். அவர் அமைத்த பாலே நாடகங்களுள் மக்களின் ஆரவாரத்தை இன்றளவும் குறைவின்றிப் பெறுவது 'டான் கிஹோத்தே'. அந்த ஆரவாரத்தின் கதையே ஒருவகையில் அவருடைய வாழ்க்கைக் கதையும் ஆகும்.

தோற்றமும் இளமையும்

பெட்டிப்பா 1818ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பிரான்சின் துறைமுக நகரான மார்சேயில் பிறந்தார். தந்தையார் ஜான் அந்துவான் பெட்டிப்பா நடன ஆசான். தாயார் நாடக நடிகை. மூத்தவரான லூசியன் பின்னாளில் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற நடனக் கலைஞராக விளங்கினார். 1841இல் 'ஜிசெல்' என்னும் பாலே முதன்முதல் அரங்கேறியபோது அதன் தலைவனாக ஆடியவர் அவரே. ஆட்டமே குலத்தொழிலாக அமைந்த குடும்பம் அது. நம் நாட்டில் நட்டுவனார் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. குழந்தை நடக்கப் பழகும்போதே தாளமும் பழகிவிடுகிறது.

தந்தையாரின் பணி காரணமாகக் குடும்பம் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் தங்கியிருந்தது. பெட்டிப்பாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது அந்நகரில் ஒரு விந்தை நிகழ்ந்தது. 1830 ஆகஸ்டு 25ஆம் நாள் இரவு, மொனே அரங்கில் ஓர் இசைநாடகம் நடைபெற்றது. அந்நிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழும் மீனவர்களின் கதை அது. பார்வையாளர் ஆவேசமுற்றனர், அரங்கைவிட்டுத் தெருவுக்குப் பாய்ந்தனர். பெல்ஜியப் புரட்சி அன்றிரவு தொடங்கியது. அரங்கத்தின் ஆரவாரம் ஒரு நாட்டின் எல்லைக்கோட்டையே மாற்றியது எனலாம். பெட்டிப்பா குடும்பத்துக்கோ அது வறுமையைக் கொண்டுவந்தது. அரங்கம் மூடப்பட்டது; தந்தையார் வருவாயின்றித் தவித்தார். கலைஞனை உயர்த்துவதும் வீழ்த்துவதும் அவையோரின் உணர்ச்சியே என்னும் பாடத்தைச் சிறுவர் மாரியஸ் அந்த வயதிலேயே கற்றிருக்க வேண்டும்.

அதன்பின் குடும்பம் பிரான்சின் போர்தோ நகருக்குப் பெயர்ந்தது. மாரியஸ் நாந்த் நகரின் அரங்கில் முதன்மை ஆடுநராக அமர்ந்தார். அங்கு ஒருநாள் ஆட்டத்தின்போது காலெலும்பு முறிந்தது. மேடையேறாவிடில் ஊதியமில்லை என்பது ஒப்பந்தம். இளைஞர் மனம் தளரவில்லை. ஸ்பானியப் பாணியில் ஒரு சிறு ஆட்டத்தை அமைத்தார். காலாட்டத்தை உடனாடிய நடனமாதிடம் ஒப்படைத்துவிட்டுத் தாம் கைகளை மட்டும் அசைத்து, விரலிடுக்கில் மாட்டி ஒலிக்கும் 'காஸ்டனெட்' என்னும் மரத்தாளத்தை முழக்கினார். மேடையேறியவருக்கு ஊதியத்தை மறுக்க முடியுமா? நிருவாகம் கொடுத்துத் தீர வேண்டியதாயிற்று. முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இந்நிகழ்ச்சியை அவரே சுவைபடக் கூறியுள்ளார். ஸ்பெயின் நாட்டைக் காணுமுன்பே ஸ்பெயினின் தாளம் அவருக்குச் சோறு போட்டது!

1839இல் தந்தையாருடன் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் ஏற்பாட்டாளரை நம்பி ஏமாந்து வெறுங்கையுடன் திரும்பினார்கள். பின்னர்ப் பாரிசில் அக்காலத்தின் பேராசானாகிய முதியவர் ஒகுஸ்த் வெஸ்திரிசிடம் சிலகாலம் பயின்றார். அதன்பின் போர்தோவில் ஆடினார். ஆயினும் நிலையான இடம் வாய்க்கவில்லை.

ஸ்பெயின் தந்த செல்வம்

1844இல் மாட்ரிட் நகரின் சிர்க்கோ அரங்கம் அவரை அழைத்தது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஸ்பெயினில் வாழ்ந்தார். அந்த மூன்றாண்டுகளே அவருடைய கலைவாழ்வின் விதைநெல் என்று துணிந்து கூறலாம்.

அந்நாளில் ஐரோப்பிய நகரங்களில் ஸ்பானிய ஆட்டத்தின்மீது பெருமோகம் நிலவியது. பாரிசில் ஃபானி எல்ஸ்லர் என்னும் நடனமாது ஆடிய 'கச்சூச்சா' என்னும் ஸ்பானிய ஆட்டம் மக்களைப் பித்துப்பிடிக்க வைத்திருந்தது. ஆனால் பெரும்பாலோர் கண்டது மேடைக்கென மெருகிட்ட ஸ்பெயினை. பெட்டிப்பாவோ ஆற்றூற்றுக்கே சென்றார். தென்பகுதியான ஆந்தலூசியாவில் சுற்றினார். திருவிழாக்களில் ஊர்மக்களோடு கலந்து ஆடினார். பொலேரோ, ஃபந்தாங்கோ, ஹோத்தா முதலிய ஆட்டங்களின் அடவுகளையும் உடல்நெளிவுகளையும் நேரில் கற்றார். ஆந்தலூசியாவின் தேர்ந்த ஆட்டக்காரருக்குத் தாம் எவ்வகையிலும் குறைந்தவரல்லர் என்று பிற்காலத்தில் பெருமிதத்தோடு எழுதினார். தற்பெருமை சற்று மிகுதியாக இருக்கலாம், அன்பு பொய்யன்று.

அவர் ஸ்பெயினை விட்டகன்ற விதமும் ஒரு நாடகமே. ஒரு காதல் விவகாரமும் அதனைத் தொடர்ந்த துப்பாக்கிச் சண்டையுமே தம்மை அந்நாட்டினின்றும் துரத்தின என்று அவர் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. எவ்வாறாயினும், 1847ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டைவிட்டு வெளியேறினார். மூட்டை முடிச்சுகளில் அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் செவியில் மரத்தாளத்தின் ஒலியும் நெஞ்சில் ஒரு மக்கட்கூட்டத்தின் கொண்டாட்டமும் குடிகொண்டிருந்தன.

பனிநாட்டில் காத்திருப்பு

அவ்வாண்டிலேயே ரஷ்யப் பேரரசின் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து அழைப்பு வந்தது. இருபத்தொன்பது வயதினராக அங்குச் சென்றிறங்கினார். அவர் முதலில் மேடையேறியது 'பக்கீட்டா' என்னும் பாலேயில். அதன் கதைக்களமும் ஸ்பெயினே! முந்திய ஆண்டு பாரிசில் அதன் தலைவனாக ஆடியவர் தமையன் லூசியன். தமையன் அங்கே ஆடிய வேடத்தைத் தம்பி இங்கே ஆடினார்.

தொடக்கம் நன்றாயினும் உயர்வு எளிதில் வரவில்லை. முதலில் ஷூல் பெர்ரோ, அடுத்து ஆர்தர் சான் லேயோன் என்னும் இரு பிரெஞ்சு ஆசான்களின்கீழ் இருபதாண்டுக்கு மேல் பணியாற்றினார். 1854இல் மரியா சூரோவ்ஷ்சிக்கோவா என்னும் ரஷ்ய நடனமாதை மணந்தார். 1862இல் பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட 'பாரோவின் மகள்' பெருவெற்றி பெற்றது. ஆயினும் முதல் ஆசான் என்னும் நிலை கைக்கெட்டாமலே இருந்தது. ஐம்பது வயது கடந்தது. ஆடும் பருவம் போயிற்று. ஆளும் பருவம் வரவில்லை.

மாஸ்கோவின் ஆரவாரம்

இந்நிலையில்தான் மாஸ்கோவின் போல்ஷாய் அரங்கிற்கெனப் புதிய பாலே ஒன்றை அமைக்கும் வாய்ப்பு வந்தது. பீட்டர்ஸ்பர்க் அரங்கம் அரசவையின் நிழலில் வளர்ந்தது. அங்குள்ளோர் அளந்து கைதட்டுபவர். மாஸ்கோ அவ்வாறன்று. வணிகரும் மாணவரும் நிரம்பிய அவை அது. அழுகையும் சிரிப்பும் ஆட்டமும் பாட்டமும் கலந்து வேண்டுவது. நம் பழைய நாடகக் கொட்டகைகளில் 'ஒன்ஸ் மோர்' என்று முழங்கிப் பாடகரை மீண்டும் மீண்டும் பாடவைத்த கூட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

அந்த அவைக்கு எதைக் கொடுப்பது? இருபதாண்டுகளுக்கு மேலாக நெஞ்சில் பூட்டிவைத்த ஸ்பெயினைத் திறந்தார் பெட்டிப்பா. செர்வாந்தெசின் 'டான் கிஹோத்தே' பெருங்கதையின் முதற்பாகம் 1605இலும் இரண்டாம் பாகம் 1615இலும் வெளிவந்தன. அதனைப் பாலேயாக்க முன்னரும் பலர் முயன்றதுண்டு. பெட்டிப்பா முழுக்கதையையும் தொட முனையவில்லை. இரண்டாம் பாகத்தில் வரும் ஒரு கிளைக்கதையைக் கையிலெடுத்தார். பெற்றோர் செல்வன் ஒருவனுக்கு மகளை மணமுடிக்க நினைக்கின்றனர். அவள் காதலிப்பதோ ஏழை பசிலியோவை. அவன் கத்தியால் குத்திக்கொண்டு சாவதாக நடிக்கிறான். சாகுமுன் அவளை மணக்க வேண்டும் என்று கெஞ்சுகிறான். சாகப்போகிறவன்தானே என்று இணங்குகிறார்கள். மணம் முடிந்த மறுகணம் துள்ளியெழுகிறான்! மேடையில் அவள் கிட்ரி என்னும் விடுதிக்காரர் மகள். அவன் முடிதிருத்தும் இளைஞன். ஏமாறும் செல்வன் கமாஷ்.

இசையமைத்தவர் லுட்விக் மின்குஸ். வியன்னாவில் பிறந்து மாஸ்கோ அரங்கில் வயலின் கலைஞராகப் பணியாற்றியவர். ஆழ்ந்த இசை என்று அறிஞர் எவரும் அதனைச் சொல்வதில்லை. ஆனால் ஆடுவோரின் காலுக்கும் கேட்போரின் கைக்கும் ஏற்ற இசை. ஆட்டக்காரி சுழன்று நிற்கும் இடத்தில் இசையும் சட்டென நிற்கும். அந்த இடைவெளி கரவொலிக்கென்றே விடப்பட்டது போலிருக்கும்.

1869 டிசம்பர் 26ஆம் நாள், அதாவது பழைய ரஷ்ய நாள்காட்டிப்படி டிசம்பர் 14ஆம் நாள், 'டான் கிஹோத்தே' மாஸ்கோவில் அரங்கேறியது. கிட்ரியாக ஆடியவர் அன்னா சோபெஷ்சான்ஸ்காயா. ஊர்ச் சதுக்கம், காளைப்போர் வீரர், நாடோடிக் கூட்டம், காற்றாலை, போர்வையில் வைத்துத் தூக்கியெறியப்படும் சாஞ்சோ பான்சா என்று மேடை முழுவதும் உயிர்த்துடிப்பு. மாஸ்கோ மக்கள் அதனைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டனர். தேவதைகளும் ஆவிகளும் உலவிய பாலே மேடையில், சந்தையில் காணும் மனிதர்கள் சிரித்து ஆடுவதைக் கண்ட மகிழ்ச்சி அது.

ஈராண்டுகள் கழித்து, 1871 நவம்பரில் அதே பாலேயைப் பீட்டர்ஸ்பர்க்கில் ஏற்றினார். அங்குள்ள அவையின் சுவையறிந்து அதனை மாற்றினார். நகைச்சுவையைக் குறைத்தார், அங்கங்களை ஐந்தாக விரித்தார், கனவுக் காட்சியைப் பெருக்கி, அடக்கமும் ஒழுங்கும் மிக்க தூய பாலேயாக வடித்தார். கிட்ரியாக ஆடியவரே கனவில் டுல்சினியாவாகவும் தோன்றினார். இங்கும் வெற்றி. மின்குஸ் அரச அரங்குகளின் பாலே இசையமைப்பாளராக அமர்த்தப்பட்டார். சான் லேயோன் 1870இல் மறைந்திருந்தமையால், முதல் ஆசான் பதவி பெட்டிப்பாவை வந்தடைந்தது.

ஒரே கதையை இரு அவைகளுக்கு இரு வடிவில் தந்த இந்தத் திறம் எண்ணத்தக்கது. அவையறிந்து கொடுத்தார், ஆனால் அவைக்கு அடிமையாகவில்லை. மாஸ்கோவின் சிரிப்பும் பீட்டர்ஸ்பர்க்கின் ஒழுங்கும் இன்று நாம் காணும் பாலேயில் இரண்டறக் கலந்துள்ளன.

உச்சி

அதன்பின் முப்பதாண்டுகள் பெட்டிப்பாவின் காலம். 1877இல் இந்தியாவைக் களமாகக் கொண்ட 'லா பயதேர்' வந்தது. கோயில் ஆடல்மகள் ஒருத்தியின் துயரக்கதை அது. தமிழகத்துத் திருவயிந்திபுரத்திலிருந்து ஆடல்மகளிர் குழு ஒன்று 1838இலேயே பாரிஸ் சென்று ஆடி வியப்பலைகளை எழுப்பியிருந்தது. ஐரோப்பிய மேடையில் அத்தகைய கதைகள் பெற்ற செல்வாக்குக்கு அந்த வருகையும் ஒரு தூண்டுதல் ஆயிற்று. சைக்கோவ்ஸ்கியின் இசையில் 'உறங்கும் அழகி' 1890இல் அரங்கேறியது. லெவ் இவானோவுடன் இணைந்து 'அன்னப்பறவை ஏரி'யை 1895இல் புதுப்பித்தார். 1898இல் கிளசுனோவ் இசையில் 'ரைமொண்டா' வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலேக்களை அமைத்தவர் அவர். பிறர் படைத்த 'ஜிசெல்' போன்றவையும் அவர் புதுப்பித்த வடிவிலேயே நமக்குக் கிடைத்துள்ளன. நான்கு பேரரசர்களின்கீழ்ப் பணியாற்றியும் ரஷ்ய மொழியைச் செவ்வையாகப் பேசக் கற்கவில்லை என்பர். உடலின் மொழி அறிந்தவருக்கு வாயின் மொழி குறையாகத் தோன்றவில்லை போலும்!

கசந்த அந்திமம்

இனிக் கூறப்போவதே இவ்வாழ்க்கையின் நெஞ்சைத் தொடும் பகுதி.

அலெக்சாந்தர் கோர்ஸ்கி என்பவர் பீட்டர்ஸ்பர்க் நடனப்பள்ளியில் வளர்ந்து மாஸ்கோ சென்ற இளைஞர். 'டான் கிஹோத்தே' மாஸ்கோவில் அரங்கேறியபோது அவர் பிறக்கவே இல்லை. 1900ஆம் ஆண்டு அந்தப் பாலேயை அவர் தம் போக்கில் மாற்றி அமைத்தார். அந்நாளில் மாஸ்கோவில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் புதிய நாடக முறை பரவிக்கொண்டிருந்தது. கோர்ஸ்கி அதனைப் பாலேக்குள் கொண்டுவந்தார். வரிசை வரிசையாக நின்று ஒரேபோல் ஆடிய குழுவைக் கலைத்தார். கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு குணம், ஒரு முகபாவம் கொடுத்தார். விசிறி விற்பவள், வம்பளப்பவன், ஏக்கத்தோடு நோக்குபவள் என மேடை உண்மையான சந்தையாயிற்று. ஓவியர் கொரோவின், கொலோவின் ஆகியோர் தீட்டிய காட்சிகள் வண்ணங்களைக் கொட்டின. மாஸ்கோ மக்கள் ஆரவாரித்தனர். 1902இல் அந்த வடிவம் பீட்டர்ஸ்பர்க் மேடைக்கே வந்துசேர்ந்தது.

பெட்டிப்பா அப்போது உயிரோடிருந்தார். எண்பதைக் கடந்திருந்தார். பெயரளவில் பதவியிலும் இருந்தார். தம் படைப்பைத் தம் கண்முன்னரே, தம் அரங்கிலேயே, மற்றொருவர் மாற்றியமைத்தமை அவரைச் சுட்டது. அவருடைய குறிப்புகளில் அந்தப் புண் மறைவின்றித் தெரிகிறது. 1903இல் அவருடைய இறுதிப் பெரும்படைப்பான 'மாயக் கண்ணாடி' தோல்வியுற்றது. ஒருகாலத்தில் அவரைக் கொண்டாடிய அவையே அன்று முகஞ்சுளித்தது. அரங்கின் கதவுகள் அவருக்கு மெல்ல மூடின. 1906இல் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். அதில் ஒரு முதியவரின் மனக்குமுறலும் உண்டு. பின்னர்க் கிரிமியாவின் குர்சூஃப் என்னும் கடற்கரை ஊரில் வாழ்ந்து, 1910 ஜூலை 14ஆம் நாள், தொண்ணூற்றிரண்டாம் வயதில் மறைந்தார்.

'டான் கிஹோத்தே' பாலேயைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். அதன் பெயருக்குரிய முதிய வீரர் பெரும்பாலும் ஆடுவதேயில்லை. ஈட்டியை ஏந்தி ஒரு பக்கமாக நிற்கிறார், இளைஞர்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறார், கனவு காண்கிறார், இறுதியில் வேறு பயணம் புறப்பட்டுவிடுகிறார். கரவொலி முழுவதும் கிட்ரிக்கும் பசிலியோவுக்கும் போகிறது. ஐம்பத்தொரு வயதில் இக்கதையை அமைத்தபோது, எண்பத்தைந்தாம் வயதில் தாமும் அவ்வாறே ஒரு பக்கமாக நிற்க நேரும் என்று பெட்டிப்பா எண்ணியிருப்பாரோ?

கரவொலி காத்த கலை

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. புரட்சி வந்தது, பேரரசு வீழ்ந்தது, பெட்டிப்பாவின் பாலேக்கள் பல மேடையைவிட்டு மறைந்தன. 'டான் கிஹோத்தே' மறையவில்லை. அறிஞர் ஆய்ந்து காத்ததாலன்று. மக்கள் அதனை விடவில்லை. பசிலியோ கிட்ரியை ஒற்றைக் கையால் தலைக்குமேல் உயர்த்தி நிறுத்தும் கணத்தில் அரங்கம் மூச்சடக்குகிறது. முதுகை வில்லாக வளைத்து அவள் பாயும் பாய்ச்சலில் ஆர்ப்பரிக்கிறது. இறுதித் திருமண ஆட்டத்தில் ஒற்றைக்கால் நுனியில் முப்பத்திரண்டு முறை சுழலும்போது, பார்வையாளர் இசையின் தாளத்தோடு சேர்ந்து கைதட்டுவது பல நாடுகளில் வழக்கம். அப்பொழுது அவையோரும் தாளக்காரர்களாகிவிடுகின்றனர்!

ரஷ்யாவுக்கு வெளியிலும் அது பரவியது. இளமையில் பெட்டிப்பாவிடமே பயிற்சி பெறும் பேறு வாய்த்த அன்னா பாவ்லோவா, 1924இல் அதன் சுருங்கிய வடிவத்தை லண்டனில் ஏற்றினார். 1966இல் ருடால்ஃப் நூரியேவ் வியன்னாவில் அமைத்தார். ஆஸ்திரேலியப் பாலே குழுவுடன் அதனைத் திரைப்படமாக்கி 1973இல் வெளியிட்டார். 1978இல் மிகாயில் பாரிஷ்னிக்கோவ் அமெரிக்கப் பாலே அரங்கிற்கென அமைத்தார். 2013இல் கியூபாவில் பிறந்த கார்லோஸ் அகோஸ்தா லண்டனின் ராயல் பாலேக்கு அமைத்தார். ஒவ்வொருவரும் ஏதேனும் சேர்த்தனர், ஏதேனும் நீக்கினர். எனினும் அறிவிப்புத்தாளில் பெட்டிப்பாவின் பெயரும், அதனருகே கோர்ஸ்கியின் பெயரும் இணைந்தே காணப்படுகின்றன. வாழ்நாளில் ஒன்றாத இரு உள்ளங்களை மக்களின் கரவொலி ஒன்றாக்கியது.

அந்த அன்னா பாவ்லோவாவே நம் ருக்மிணி தேவி அருண்டேலின் உள்ளத்தில் ஆடற்கனலை மூட்டியவர் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பாலே பயில விழைந்த ருக்மிணி தேவியை, சொந்த நாட்டின் கலையைத் தேடுமாறு தூண்டியவர் பாவ்லோவா. 1936இல் சென்னையில் கலாக்ஷேத்ரா மலர்ந்தது. மார்சேயில் பிறந்த ஒரு நடன ஆசானின் மாணவியிடமிருந்து ஒரு பொறி அடையாறு வரை வந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். கலையைக் காப்பவர் யார்? பெட்டிப்பாவின் வாழ்க்கை தரும் விடை இதுதான்: விதைப்பவன் கலைஞன், மழையாய் நின்று அதை வளர்ப்பது அவையோரின் மகிழ்ச்சி. மழை, விதைத்தவனின் பெயரைக் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. அதனால் விதைத்தவன் நெஞ்சு நோவதும் உண்டு. அந்த நோவை மறைத்துப் புகழ்மாலை மட்டும் சூட்டுவது அவருக்கு நாம் செய்யும் நன்றியாகாது. பத்தாண்டுகளாக நூல்களைப் படித்தும் பேசியும் வரும் நம்போன்ற சிறு வட்டங்களுக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. கைதட்டும்போது, அந்த ஆட்டத்தை முதலில் கனவு கண்டவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டும். மேடையோரத்தில் ஈட்டியோடு நிற்கும் அந்த முதியவரையும் நம் கண்கள் தேட வேண்டும்.